கேம்பர் வேனுக்கு எந்த நேவிகேஷன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகக் கேம்பர் வேன் (படுக்கை, அடுப்போடு வீடு மாதிரி அமைந்த வண்டி) வாங்கியவர்கள், விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள், கார் மட்டுமே ஓட்டிவிட்டு முதல்முறை பெரிய வண்டியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போனில் கூகுள் மேப்ஸ் இருக்கிறது. அது போதாதா?

காருக்குப் போதும். கேம்பர் வேனுக்குப் பாதிக் கிணறுதான்.

கூகுள் மேப்ஸும் வேஸ் என்ற வழிகாட்டி ஆப்பும் நீங்கள் கார் ஓட்டுகிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கின்றன. வண்டியின் உயரத்தையோ அகலத்தையோ எடையையோ அவற்றிடம் சொல்ல வழி கிடையாது. 3 மீட்டர் வண்டியை 2.7 மீட்டர் பாலத்தை நோக்கி அனுப்பினால் அது ஆப்பின் தப்பு என்றும் சொல்ல முடியாது. காருக்கு அது சரியான வழிதானே.

போக்குவரத்து நெரிசல், மூடிய சாலை, பெட்ரோல் பங்க் திறந்திருக்கிறதா என்பதற்கெல்லாம் கூகுளை மிஞ்ச ஆள் இல்லை. அதற்காக வைத்துக்கொள்ளுங்கள். வழி சொல்லும் பொறுப்பை மட்டும் உங்கள் வண்டியின் அளவு தெரிந்த ஒன்றிடம் கொடுங்கள்.

எந்த அளவுகளைக் கொடுக்க வேண்டும்? கையேட்டில் இருப்பதைப் போடலாமா?

கூடாது. கையேட்டில் இருப்பது தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய உயரம். அதற்கப்புறம் கூரையில் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள்: ஏசி, சோலார் பேனல், காற்றுப்போக்கி மூடி, ஆண்டெனா, சாமான் கட்டும் சட்டம்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வேனுக்குக் கையேட்டில் 2.70 மீட்டர் என்று இருந்தது. ஒரு மாலை, மழைத் தூறல், எதிரே பழைய ரயில் பாலம், பலகையில் 2.8 மீட்டர். பத்து சென்டிமீட்டர் இருக்கிறதே என்று மெதுவாக நகர்த்தினேன். பக்கத்தில் இருந்த மனைவி சட்டென்று, "ஏங்க, நிறுத்துங்க! மேல ஏசி இருக்குல்ல?" என்றாள். இறங்கிப் பார்த்தால் ஏசியின் முன் விளிம்பு பாலத்தின் இரும்புக்கு ஒரு முழம் தூரத்தில், சரியாக அதே மட்டத்தில் நிற்கிறது. பின்னால் நான்கு கார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கையைக் கூப்பி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னது அவள்தான். அடுத்த நாள் அளந்தேன். 2.94.

அளக்கும் விதம் எளிது. சமதளமான தரையில் வண்டியை நிறுத்துங்கள். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு, சாமான் இல்லாமல் அளப்பது நல்லது. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் எழும்பி வண்டி சற்று உயரும், நமக்கு வேண்டியது அந்த அதிகபட்ச உயரம். கூரையில் மிக உயரமாக இருக்கும் பொருளின் மேல் ஒரு நேரான சட்டத்தை வைத்து, அது வண்டிக்கு வெளியே நீட்டியிருக்கும்படி பிடியுங்கள். ரசமட்டம் வைத்துச் சட்டம் சாயாமல் இருக்கிறதா என்று பார்த்து, அதன் நுனியிலிருந்து தரைவரை டேப் பிடியுங்கள். வருவதோடு ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூட்டி, அதைத்தான் கருவியில் பதிய வேண்டும்.

ஏன் கூட்ட வேண்டும்? சாலைக்குப் புதிதாகத் தார் போட்டால் பாலத்தின் இடைவெளி குறையும், பலகை மாறியிருக்காது. வளைவுப் பாலங்களில் எழுதியிருக்கும் உயரம் பெரும்பாலும் நடுப்பகுதிக்குத்தான், ஓரத்தில் கிடைக்காது. சாலை பாலத்துக்கு அடியில் பள்ளமாக இறங்கி ஏறினால், நீளமான வண்டியின் முன் சக்கரமும் பின் சக்கரமும் இரண்டு சரிவுகளில் நிற்கும்போது நடுக்கூரை தரையிலிருந்து கூடுதலாக எழும்பி நிற்கும்.

அகலம்: ஆவணத்தில் இருப்பது பக்கக் கண்ணாடிகள் இல்லாத அகலம். பல கேம்பர்களுக்கு அடிப்படையான ஃபியட் டுகாட்டோவை எடுத்தால் உடல் அகலம் சுமார் 2.05 மீட்டர், கண்ணாடிகளை விரித்தால் அது ஏறக்குறைய அரை மீட்டர் கூடும். கல்சுவர்களுக்கு நடுவில் மாட்டுவது கண்ணாடிதான். நான் கண்ணாடியோடு சேர்த்த அளவைப் போடுகிறேன். சில நல்ல சாலைகளைக் கருவி வீணாகத் தவிர்க்கும்தான், பரவாயில்லை.

எடை: இன்றைய எடையை அல்ல, பதிவு ஆவணத்தில் உள்ள அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையைப் போடுங்கள். ஐரோப்பாவில் 3,500 கிலோ என்ற கோடு முக்கியம். அதைத் தாண்டினால் ஓட்டுநர் உரிமம் முதல் சுங்கம் வரை பலவும் மாறலாம்.

நீளம்: பின்னால் சைக்கிள் மாட்டினால் அதையும் சேர்த்து.

அளவுகளைப் பதிந்துவிட்டேன். இனி கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேப்பில் ஒரு பாலத்தின் உயரம் பதிவாகியிருந்தால் கருவி அதைத் தவிர்க்கும். பதிவாகவில்லை என்றால்? பெரும்பாலான மென்பொருளுக்குத் தகவல் இல்லை என்றாலும் தடை இல்லை என்றாலும் ஒன்றுதான், உங்களை அந்த வழியாகவே அனுப்பும். அதனால் "கேம்பர்" என்று பெயர் போட்ட கருவியும் ஒரு கிராமத்துப் பாலத்தில் உங்களைக் கைவிடலாம். நெடுஞ்சாலைகளில் தகவல் நன்றாக இருக்கும். ஊர்ச்சாலைகளில் எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில், டர்ஹாம் நகரில், ஒரு ரயில் பாலம் 11 அடி 8 அங்குல உயரத்தில் இருந்தது. எச்சரிக்கைப் பலகை, மின்னும் விளக்கு எல்லாம் இருந்தும் வாடகை லாரிகளின் கூரையை டப்பா மூடி மாதிரி உரித்துக்கொண்டே இருந்தது. 2019-ல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள், அதற்கப்புறமும் இடிப்பது அடியோடு நிற்கவில்லை. தகவல் கண்ணெதிரே இருந்தும் தன் வண்டியின் உயரம் ஓட்டுநருக்குத் தெரியாவிட்டால் அதனால் என்ன பயன்?

போன், தனிக் கருவி, டேப்லெட், வண்டியோடு வரும் திரை: எதைத் தேர்ந்தெடுப்பது?

வண்டியோடு வரும் திரையை முதலில் தள்ளிவிடலாம். திரை பெரிது, சிக்னல் நன்றாகக் கிடைக்கும், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் கார் மேப். கேம்பர் மென்பொருளோடு வந்திருந்தால் மட்டும் யோசியுங்கள். அதை ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளேக்கான (போனில் ஓடும் ஆப்பை வண்டித் திரையில் காட்டும் வசதி) திரையாகப் பயன்படுத்தலாம், அது நல்ல உபயோகம்.

தனிக் கருவி என்றால் கார்மினிலும் டாம்டாமிலும் கேம்பருக்கென்றே வரிசைகள் உண்டு. அளவைப் பதியலாம், மேப் முழுவதும் உள்ளேயே இருக்கும், வெயிலில் திரை தெரியும், போன் அழைப்பு வந்தால் மேப் மறையாது. எனக்குப் பிடித்த காரணம் வேறு: அதற்கு ஒரே ஒரு வேலைதான். செய்தி வராது, போன் பேட்டரி தீர்ந்து அழைக்க முடியாமல் போகாது. குறை விலையும் மெதுவான திரையும்தான். கைப்பேசிக்குப் பழகிய விரலுக்குப் பொறுமை வேண்டும்.

போனில் தனி ஆப் போடுவது மூன்றாவது வழி. சிஜிக்கில் கேம்பர், லாரிக்கான பதிப்பு உண்டு, அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆஸ்மண்ட் என்ற ஆப் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை (பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச மேப்) வைத்து இயங்குவது. அதிலும் உயரம், அகலம், எடை கொடுக்கலாம், ஆனால் அமைப்புகளுக்குள் புகுந்து தேடிப் பழக ஒரு முழு மாலை ஆகும். ஆர்கானிக் மேப்ஸ் எளிமையானது, இணையமில்லாமல் ஓடும், ஆனால் வண்டி அளவைக் கேட்காது. நடக்கவும் தண்ணீர்க் குழாய் தேடவும் அதுதான் எனக்கு.

டேப்லெட் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. சிம் போடும் மாடலில்தான் உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் மாடலுக்கு மாடல் மாறும், வாங்கும் முன் விவரப் பட்டியலைப் படியுங்கள். வீட்டில் வைஃபை இருக்கும்போது இடத்தைச் சரியாகக் காட்டுகிறதே என்று நம்பிவிட வேண்டாம், அது சுற்றியுள்ள வைஃபைகளை வைத்துக் கணிப்பது. காட்டுச் சாலையில் எந்த வைஃபை?

இணையம் இல்லாத மலையில் ஜிபிஎஸ் வேலை செய்யுமா?

செய்யும். ஜிபிஎஸ் வானொலி மாதிரி, நாம் கேட்பவர்கள் மட்டும்தான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தை ஒலிபரப்புகின்றன. நான்கின் குரல் கேட்டால் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இதற்கு டேட்டா தேவையில்லை, சிம்மும் தேவையில்லை.

இணையம் வேண்டியது மேப்புக்கும் நெரிசல் தகவலுக்கும். அதனால் கிளம்பும் முன்பே மேப்பை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கூகுளில் இறக்கிய மேப்புக்குக் காலாவதி உண்டு, பயணத்துக்கு முந்தைய இரவு ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள். அப்புறம் வீட்டு வாசலிலேயே போனை ஏர்பிளேன் மோடுக்கு மாற்றி, ஏதோ ஒரு தூரத்து ஊருக்கு வழி கேட்டுப் பாருங்கள். வழி வந்தால் சரி.

காலையில் கருவி இடத்தைப் பிடிக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

ஒரு செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை சொல்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய முழு அட்டவணையைக் கேட்டு முடிக்க 12.5 நிமிடம் ஆகும். போன் இதையெல்லாம் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் நொடியில் பிடிக்கிறது. தனிக் கருவி வானத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கருவியை அணைத்துவைத்து, கப்பலில் ஏறி நூற்றுக்கணக்கான கி.மீ. தாண்டி இறங்கினால் இன்னும் தாமதமாகும். துறைமுகத்தை விட்டு வெளியே வரும் முதல் மூன்று திருப்பங்களைத் தாளில் எழுதிவைத்துக்கொள்வேன். அங்கேதான் கருவி இன்னும் இடத்தைப் பிடித்து முடித்திருக்காது.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது. இரவு முன்கண்ணாடிக்கு மாட்டிய வெள்ளித்தாள் போன்ற வெப்பத்தடுப்புத் திரையைக் கழற்றாமல் கருவியைப் போட்டிருப்பீர்கள். உலோகப் பூச்சு சிக்னலை மறைக்கும். திரையை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பகலிலும் சிக்னல் அடிக்கடி போகிறதே?

சில முன்கண்ணாடிகளில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். அப்படிப்பட்ட கண்ணாடியில் பின்னோக்குக் கண்ணாடிக்கு அருகே பூச்சில்லாத சிறிய பகுதி ஒன்று விட்டிருப்பார்கள், கருவியை அதன் அருகே மாட்டிப் பாருங்கள். மலிவான டேஷ் கேமராவும் யூஎஸ்பி சார்ஜரும் மின் இரைச்சலைக் கிளப்பி ஜிபிஎஸ்ஸைக் கெடுப்பதுண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

நெருக்கமான கட்டடங்களுக்கு இடையிலும் ஆழமான பள்ளத்தாக்கிலும் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் இடம் நகர்ந்து காட்டும். திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன் ஏறக்குறைய 5 மீட்டருக்குள் காட்டிவிடும். ஜிபிஎஸ் தவிர ரஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் கேட்கும் கருவியானால் நல்லது. இப்போதைய போன்களில் அது சாதாரணம்.

போன் சூடாகி அணைந்துவிடுகிறது. என்ன செய்வது?

ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான். வெயில் நேரடியாக விழும் முன்கண்ணாடியில் இது எம்மாத்திரம்? போன் முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் உறங்கிவிடும். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டுங்கள். வயர்லெஸ் சார்ஜரை விட்டுவிடுங்கள், அது தன் பங்குக்கும் சூடேற்றும். கேஸைக் கழற்றினாலும் கொஞ்சம் பலன் உண்டு.

எவ்வளவு பெரிய திரை? எங்கே மாட்டுவது?

கேம்பரில் முன்கண்ணாடி ஓட்டுநரிடமிருந்து தள்ளி இருப்பதால், காரில் போதுமான 5 அங்குலம் இங்கே சிறுத்துத் தெரியும். 7 அங்குலம் வசதி. அதற்கு மேல் போனால் சாலையை மறைக்கும். ரப்பர் உறிஞ்சி மவுண்ட் குளிர் காலையில் கழன்று விழும், ஒட்டும் முன் கண்ணாடியையும் ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். வயர் ஸ்டீயரிங்கைத் தொடாமல் போக வேண்டும்.

சார்ஜ் வயரில் ஒரு கண்ணி: சில கருவிகளில் சாதாரண யூஎஸ்பி வயரைச் செருகினால், கணினியோடு இணைத்திருக்கிறீர்கள் என்று நினைத்து வழிகாட்டுவதை நிறுத்திவிடும். கூட வந்த வயரையே பயன்படுத்துங்கள், தொலைத்துவிடாதீர்கள்.

லாரிக்கான நேவிகேஷனை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் லாரிக்குத் தடை உள்ள சாலைகள் எல்லாம் உங்களுக்கும் தடை என்று அது எடுத்துக்கொள்ளும். நல்ல கடற்கரைச் சாலையை விட்டுவிட்டுத் தொழிற்பேட்டை வழியாகச் சுற்றவைக்கும். பேருந்து அளவு வண்டி என்றால் மட்டும் எடுக்கலாம்.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

மூன்றைப் பாருங்கள். முதலாவது மேப். அப்டேட் நின்றுபோன மாடல் என்றால் வேண்டவே வேண்டாம். இரண்டாவது நினைவகம். ஒரு கண்டத்தின் மேப் வருடாவருடம் பெருத்துக்கொண்டே போகும், பழைய 8 ஜிபி கருவியில் அடங்காது. மெமரி கார்டு போட இடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது தேதி. ஜிபிஎஸ் வாரங்களை 0 முதல் 1023 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அன்றோடு ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் போய்விட்டன. விற்பவரிடம் திறந்த வெளியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேதி தவறாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

"வாழ்நாள் மேப்" என்று பெட்டியில் இருக்கிறதே?

உங்கள் வாழ்நாள் இல்லை, கருவியின் வாழ்நாள். அது எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர்தான் முடிவு செய்வார்.

எந்த அமைப்புகளை முதலில் மாற்ற வேண்டும்?

"மிகக் குறுகிய தூரம்" என்பதை அணைத்துவிடுங்கள். அரை கி.மீ. மிச்சப்படுத்த மாட்டுவண்டிப் பாதையில் இறக்கிவிடும். எரிபொருள் சேமிக்கும் வழி என்று வருவதும் அதே கதைதான். மண்சாலையைத் தவிர் என்பதை இயக்குங்கள். வழியில் "4 நிமிடம் வேகமான பாதை" என்று தானாக மாற்றிக்கொள்வதை நிறுத்தி, கேட்டுவிட்டு மாற்றும்படி வையுங்கள். கேம்பரில் நான்கு நிமிடத்துக்காகப் பெரிய சாலையை விட்டு இறங்குவது லாபமான வியாபாரம் அல்ல.

சமையல் கேஸ் சிலிண்டர் இருந்தால் சுரங்கப்பாதைகளையும் பாருங்கள். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதை போன்ற சிலவற்றில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஜெர்மனியின் பல நகரங்களில் வண்டியின் புகை அளவைக் காட்டும் ஸ்டிக்கர் இல்லாமல் நுழைய முடியாது. இவையிரண்டையும் எல்லாக் கருவியும் சொல்லும் என்று நம்ப வேண்டாம்.

முகாம் இடத்தின் ஆயத்தொலைவைப் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) போட்டால் எங்கேயோ போகிறது. ஏன்?

எழுதும் முறை குழம்பியிருக்கும். ஈஃபிள் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம்: 48.8584, 2.2945. இதையே பாகை, கலை, விகலையில் (டிகிரி, நிமிடம், விநாடி) எழுதினால் அட்சம் 48°51'30". இந்த 48 51 30-ஐ யாராவது 48.5130 என்று தட்டினால் சுமார் 38 கி.மீ. தெற்கே போய்விடுவீர்கள். இரண்டு எண்களையும் இடம் மாற்றினாலோ சோமாலியாவுக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில். அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு. புள்ளிக்கு அப்புறம் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், அது போதும். போட்டவுடன் கிளம்பிவிடாமல் மேப்பைச் சுருக்கி, ஊர் சரியா என்று ஒரு பார்வை பாருங்கள்.

வேகக் கேமரா எச்சரிக்கை வைத்துக்கொள்ளலாமா?

நாட்டைப் பொறுத்தது. சுவிட்சர்லாந்தில் தடை, ஜெர்மனியில் ஓட்டும்போது பயன்படுத்தத் தடை, பிரான்சில் கேமரா இருக்கும் சரியான இடத்தைக் காட்டக் கூடாது. எல்லை தாண்டும் முன் அணைத்துவிடுவது நல்லது.

கருவியின் வேகமும் மீட்டரின் வேகமும் ஒத்துப்போகவில்லையே?

மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பது விதி, அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டவைப்பார்கள். நேரான சாலையில் கருவி சொல்வதுதான் உண்மைக்கு அருகில்.

காகித மேப் இன்னும் தேவையா?

தேவை. ஆனால் வழி சொல்ல அல்ல. இரவு மேசையில் விரித்து நாளைய நாளைப் பார்க்க. 7 அங்குலத் திரையில் மலைத்தொடர் எந்தப் பக்கம் என்று புரியாது.

நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

முன்கண்ணாடியில் 7 அங்குலக் கேம்பர் கருவி, வழி சொல்வது அதுதான். ஏசி துவாரத்தில் போன், நெரிசல் பார்க்க மட்டும், குரலை அணைத்து. இரண்டு குரலும் ஒரே நேரத்தில் பேசினால் வீட்டில் சண்டை வரும். டேஷ்போர்டின் சிறு அறையில் சிம் இல்லாத பழைய போன், அதில் ஆஸ்மண்டும் முழு மேப்பும், மாதம் ஒருமுறை சார்ஜ்.

அப்புறம் சன் வைசரில் மனைவி ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கர், மார்க்கரில் பெரிதாக: 3.00 மீ, 9 அடி 11 அங்குலம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் "ஏசி உட்பட".